ஏழாம் நம்பர் மாப்பிள்ளை

புது மருந்து கொடுத்துப் பார்க்கும் ஏழாம் நம்பர் எலி திரையில் இருட்டாகக் கிடந்தது. போன வாரம்கூட அதன் ஈரல் பக்கம் நெருப்புப் பொட்டு மாதிரி ஒரு வெளிச்சம் இருந்தது. அதன் கட்டிக்கு மின்மினியின் குணத்தைக் கொடுத்து வைத்திருந்தார்கள். ஊசி போட்டால், உயிரோடு இருக்கிற கட்டி மினுங்கும். இன்று மினுங்கவில்லை.

"மாப்பிள்ளை ஜெயிச்சுட்டான்," என்றாள் டாக்டர். அவள் சிரித்தே ஒரு மாதம் இருக்கும். அவளுடைய அக்காவுக்கும் ஈரலில் அதே கட்டிதான். மல்லாந்து தூங்கும் இந்த எலியைப் படத்தில் பார்த்து 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்தவளும் அந்த அக்காதான். படுக்கையிலிருந்து தினமும் விசாரிப்பாள்.

படம் எடுக்கும் டெக்னீஷியன் திரையை விட்டு எலி கிடந்த பெட்டியைப் பார்த்தாள். போன வாரம் முடி எடுக்கும்போது மெஷின் பட்டு மாப்பிள்ளைக்கு வயிற்றில் ஒரு கீறல். இன்று காலை மெஷின் சத்தம் கேட்டதுமே அது நடுங்கியது. 'இன்னிக்கு உனக்கு லீவு' என்று முடியோடு அப்படியே மயக்கி, ஊசி போட்டுக் கேமரா பெட்டியில் வைத்துவிட்டாள். ரத்தம் நிறைந்த ஈரலைத் தாண்டி வருவதே கொஞ்சம் சிவப்பு வெளிச்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் எலியின் கறுப்பு முடி குடித்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடமே இதுதான்.

டாக்டர் போனை எடுத்துவிட்டாள்.

"மேடம், அக்காகிட்ட இப்ப சொல்லாதீங்க. அவனுக்கு முடி எடுக்கல. பாவமா இருந்துச்சு. என் தப்புதான்."

அதற்குள் போனில் குரல் வந்துவிட்டது. "என்னடி, மாப்பிள்ளை எப்படி இருக்கான்?"

டாக்டர் டெக்னீஷியனையே பார்த்தாள். திட்டு விழும் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"முடி வெட்டிக்கப் போறான்க்கா. அப்புறம் கூப்பிடறேன்," என்று வைத்துவிட்டு, "மெஷின் வேணாம், முடி எடுக்கற க்ரீம் எடு. நான் புடிச்சுக்கறேன்," என்றாள் டாக்டர்.

மினுங்க வைக்கும் ஊசியின் வேகம் இன்னும் பத்து நிமிஷம்தான் தாங்கும். கீறலைச் சுற்றி விரலால் க்ரீம் தடவி, ஈரப் பஞ்சால் துடைத்தார்கள். ரோஜா நிறத்தில் வயிறு தெரிந்தது. பெட்டியைச் சாத்தி, அறை விளக்கையும் அணைத்தார்கள். கேமரா வெளிச்சத்தைத் துளித்துளியாக எண்ணத் தொடங்கியது.

மேசையில் போன் ஒளிர்ந்தது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. டாக்டர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். இருட்டில் அவள் விரல்களின் ஓரம் மட்டும் மெல்லச் சிவந்து தெரிந்தது.