பாஸ்கரேட்டனைத் தேடிய ஊர்

திருவனந்தபுரத்தில் அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு, பாஸ்கரேட்டன் எங்கே என்பதுதான். நீலச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக ஒரு வயசாளி வீட்டுப் படியிறங்கிக் குடையை விரித்துக்கொண்டு போகிறார். குடை முகத்தை மறைக்கிறது. அவ்வளவுதான் வீடியோ. 'பாஸ்கரேட்டனைக் காணவில்லை. ஊருக்குள்தான் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறார். கண்டால் அவரோடு செல்ஃபி எடுத்துப் போடுங்கள், பரிசு உண்டு' என்று அடியில் ஒரு வரி. பாஸ்கரேட்டன் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. அது ஒரு மெத்தைக் கம்பெனியின் விளம்பரம். சனிக்கிழமை சாயங்காலம் கிழவர் அந்த மெத்தையில் எழுந்து உட்கார்ந்து, இத்தனை சுகம் வீட்டில் இருக்கும்போது நான் எங்கே போகப் போகிறேன் என்று சிரிப்பார். இதை யோசிக்கத்தான் வழுதக்காட்டில் ஏசி போட்டு ஒரு விளம்பர ஆபீஸ் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆபீஸில் நாச்சியாருக்கு வேலை, மெத்தைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் விழும் கமெண்டுகளுக்குப் பதில் எழுதுவது. அதற்கு ஒரு சட்டம் உண்டு. இது நிஜமா, விளம்பரமா என்று யார் கேட்டாலும் ஆமாம் என்றும் சொல்லக் கூடாது, இல்லை என்றும் சொல்லக் கூடாது. ஒரு கண்ணடிக்கும் பொம்மையைப் போட்டு, 'தேடிக்கொண்டே இருங்கள்' என்று எழுத வேண்டும். வாரம் முழுக்க நாச்சியார் அதைத்தான் எழுதினாள். எழுதும்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது, அதையும் மறைப்பானேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா வடிவம்மாள் ஃபோனில் அழுதாள். "மக்ளே, அப்பாவக் காணல. மாடிக்குத் துணி ஒணத்தப் போனேன். எறங்கி வந்தா கதவு தொறந்து கெடக்கு."

அப்பா ஆவுடையப்பன் சாலைக் கடைத்தெருவில் ஆயுசு முழுக்க இரும்புக்கடை நடத்தியவர். ஆணியைக் கையில் அள்ளியே எடை சொல்வார். இப்போது சில நாள் சொந்தப் பேரைக் கேட்டாலே விழிப்பார். கடையை மூடி, வீட்டோடு வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாச்சியார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சாலை, கோட்டை, பத்மதீர்த்தக் குளக்கரை என்று அலைந்தாள். போலீஸில் எழுதிக் கொடுத்தாள். கடைசியில், தன் பக்கத்தில் அப்பாவின் படத்தைப் போட்டு, மலையாளத்திலும் தமிழிலும் எழுதினாள். நீலச் சட்டை, வெள்ளை வேட்டி, ஞாபக மறதி உண்டு, பார்த்தால் தயவுசெய்து கூப்பிடுங்கள். சாலைக் கடைக்காரர்களில் பாதிப் பேரிடம் நீலச் சட்டை இருக்கிறது. அது ஒரு குற்றமா?

கமெண்டுகள் வந்து கொட்டின. 'அப்படிப் போடு, முகத்தைக் காட்டிட்டாங்க!' 'பாஸ்கரேட்டன் இத்தனை அழகா?' 'மகளாக நடிப்பது யார்?' நாச்சியார் ஒவ்வொருவருக்கும், இது என் அப்பா, இது விளம்பரம் இல்லை என்று பதில் எழுதினாள். 'கடைசிவரைக்கும் விட்டுக் கொடுக்கவே மாட்டாங்க போல, சூப்பர் டீம்' என்றான் ஒருவன். இன்னொருத்தி, உண்மையாகவே நல்ல மனசோடு, மெத்தைக் கம்பெனியை டேக் போட்டு இழுத்துவிட்டு, இது நிஜமா என்று கேட்டிருந்தாள். கம்பெனிப் பக்கத்திலிருந்து உடனே பதில் விழுந்தது. கண்ணடிக்கும் பொம்மை. 'தேடிக்கொண்டே இருங்கள்.'

நாச்சியாருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் வராததால் அவள் நாற்காலியில் இப்போது கூட வேலை பார்க்கும் கிரிஷ் உட்கார்ந்திருக்கிறான். யார் படம், யார் கேட்டது என்று ஒன்றும் பார்க்காமல் கை பாட்டுக்கு எழுதியிருக்கிறது. கிழக்கேகோட்டையிலிருந்து வழுதக்காட்டுக்கு அவள் ஸ்கூட்டர் ஓட்டிய லட்சணத்தில் ஒரு ஆட்டோக்காரர் கெட்ட வார்த்தை சொன்னார். அதே வார்த்தையை அவருக்குத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனாள்.

முதலாளி ஜினு கோயம்புத்தூரில் படித்தவன். தனக்குக் காரியம் ஆக வேண்டுமானால் மட்டும் நாச்சியாரிடம் தமிழ் பேசுவான். அன்றைக்கு அவளைக் கண்டதும் தமிழில் ஆரம்பித்தான்.

"நாச்சியாரே, கேட்டதும் மனசுக்குப் பயங்கர விஷமமாயிட்டுது. உட்காருங்க, தண்ணி குடிங்க."

"தண்ணி வேண்டாம் ஜினு சேட்டா. கம்பெனிப் பக்கத்துல ஒரே ஒரு வரி போடுங்க. பாஸ்கரேட்டன் வெறும் விளம்பரம், இவரு நெஜமாவே தொலைஞ்சவருன்னு. லட்சம் பேரு பாக்காங்க. இப்பவே கெடைச்சிருவாரு."

ஜினு நெற்றியைத் தேய்த்தான். "நாளைக்கு சாயங்காலம் ரிவீல் அல்லே? இன்னைக்கு சொன்னா ஒரு வாரத்தோட வேலை மொத்தம் போயி. கிளையன்ட் நம்மள சும்மா வெச்சேக்குமோ? நாளைக்கு ரிவீல் முடிஞ்ச உடனே நல்ல ஒரு போஸ்ட் போடலாம். அப்பா போட்டோவும் சேர்த்து, டச்சிங் ஆயிட்டு."

"நாளைக்கா? சோறு தண்ணி இல்லாம எங்க அப்பா ரோட்டுல நிக்காரு, நீங்க நாளைக்குங்கீங்க! உங்க அச்சனா இருந்தா நாளைக்குன்னு சொல்லுவீங்களா?"

ஆபீஸ் முழுக்க ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் பார்த்தது. கிரிஷ் மட்டும் எழுந்து வந்து, தன் ஃபோனை அவளிடம் நீட்டினான்.

"சேச்சி, இது அப்பாவா?"

செல்ஃபி. கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்க, நடுவில் அப்பா. பின்னால் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்ட். 'பாஸ்கரேட்டனைப் பிடிச்சாச்சு!' கிரிஷ் விரலால் தள்ளினான். அடுத்தது விழிஞ்ஞம் பஸ்ஸுக்குள். யாரோ ஒருவன் அப்பாவின் தோளில் கை போட்டிருந்தான். அதற்கடுத்தது விழிஞ்ஞத்தில், மீன்பிடித் துறைமுகத்தின் வாசலில், குடும்பம் குடும்பமாக. அப்பாவின் காலில் ஒரு செருப்பைக் காணவில்லை. ஒவ்வொரு படத்திலும் அவர் கண் இன்னும் கொஞ்சம் கலங்கியிருந்தது. அத்தனை பேரும் அவரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்டுபிடித்து, கட்டிப்பிடித்து, படம் எடுத்து, அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். தூ!

நாச்சியார் நேராகத் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள். கம்பெனிப் பக்கம் திறந்தே கிடந்தது. விறுவிறுவென்று அடித்தாள். 'பாஸ்கரேட்டன் என்று யாரும் இல்லை. அது மெத்தை விற்க நாங்கள் கட்டிய கதை. இவர் ஆவுடையப்பன், என் அப்பா. நிஜமாகவே தொலைந்துவிட்டார். விழிஞ்ஞத்தில் இருக்கிறார். செல்ஃபி எடுக்காதீர்கள். கையைப் பிடித்து உட்கார வைத்து, தண்ணீர் கொடுங்கள்.' ஜினு ஓடி வருவதற்குள் போட்டுவிட்டாள்.

"எந்தா இது! நாச்சியாரே, எடுக்கு, இப்போ எடுக்கு! வேலை வேண்டாம் அல்லே?"

"வேண்டாம். நீங்களே வச்சுக்கோங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

விழிஞ்ஞத்தில் அப்பாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. கூட்டம் எங்கே என்று பார்த்தால் போதுமாக இருந்தது. வலைகள் குவிந்துகிடந்த இடத்தில், ஒரு படகில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார் ஆவுடையப்பன். சுற்றிலும் ஃபோன்கள். அவர் சட்டைப் பையை வெளியே இழுத்துத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். வேட்டி மடிப்பை உதறிக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். ஒரு பெண் அதையும் எடுத்தாள்.

நாச்சியார் கூட்டத்தை இடித்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார், அந்த மட்டுக்கும் கடவுள் கண்ணைத் திறந்தார். அவள் காதோடு காதாகச் சொன்னார்.

"மக்ளே, நான் ஒண்ணும் களவாண்டல. பஸ்ஸுலயே எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். பையத் தொறந்துகூட காட்டிட்டேன். ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான்."

சாலைக் கடைத்தெருவில் திருடன் பிடிபட்டால் இப்படித்தான் சுற்றி வளைத்து நின்று, தோளைப் பிடித்துப் படம் எடுப்பார்கள். கடைக் கல்லாவில் உட்கார்ந்து அதை எத்தனையோ முறை பார்த்தவர் அவர். காலையிலிருந்து ஊரே தன்னைத் திருடன் என்று பிடித்துவிட்டதாக நினைத்து, ஊரெல்லாம் ஓடிப் பார்த்திருக்கிறார்.

"சேச்சி கம்பெனியில இருந்தா?" என்று பையன்கள் கூட்டம் ஒன்றிலிருந்து குரல் வந்தது. "நாங்கதான் முதல்ல கண்டது. மெத்தை எப்போ கிட்டும்?"

நாச்சியார் அவன் ஃபோனைத் தட்டிவிட்டாள். அது வலைமேல் போய் விழுந்தது. அதற்குள் அவள் ஃபோன் அடித்தது. ஜினு. குரலில் பழைய கோபத்தின் சுவடே இல்லை. தமிழில் தேனாக ஒழுகியது.

"நாச்சியாரே, நம்ம போஸ்ட் பயங்கர வைரல்! எல்லாவரும் கண்ணீர் விட்டு கரையுறாங்க. கிளையன்ட் இப்போ விளிச்சு, இதுதான் ரிவீலுன்னு சொல்லிட்டார். வேலை விஷயம் எல்லாம் மறந்துகளை. அப்பா கிடைச்சாரா? கிடைச்சா ஒரே ஒரு வரி, அப்பாவோட வாயால. அது மதி, போதும். நாளைக்கு மெத்தைமேல உட்கார வெச்சு ஒரு ஷூட், அவ்வளவுதான்."

நாச்சியார் அப்பாவைப் பார்த்தாள். வெளியே இழுத்த பை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"வரிதானே வேணும்? அப்பா இப்பத்தான் சொன்னாரு, எழுதிக்கோங்க" என்றாள். கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, தொண்டை கிழியச் சொன்னாள். "'நான் ஒண்ணும் களவாண்டல.' இதுதான் உங்க தலைப்பு. கொட்டை எழுத்துல மெத்தைமேல அச்சடிச்சு, அதுல நீங்களே படுத்து ஒறங்குங்க."

ஃபோனை அணைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் கையை உருவிக்கொண்டு, அவள் சத்தம் போட்டதற்காகக் கூட்டத்தைப் பார்த்து இன்னொரு தரம் கும்பிட்டார்.