வம்சம் காத்த சுவர்

அண்ணனுக்கு அவள் வைத்திருந்த பெயர் வம்சம். முகத்துக்கு நேரே அண்ணாதான். முதுகுக்குப் பின்னால் வம்சம். காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அந்த மனிதருக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. ஆவணக் காப்பகமே கதி என்று கிடந்தார். உயிரோடிருக்கும் சொந்தக்காரன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் எட்டிப் பார்க்க மாட்டார். செத்து மூன்று தலைமுறையான ஆளின் மச்சினன் எப்போது பிறந்தான் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. கூடத்தில் பெரிதாக வம்ச மரம் ஒட்டியிருந்தார். அதில் பெண்களெல்லாம் 'மனைவி' என்ற ஒற்றைச் சொல்லோடு சரி.

அதையும் அவள் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. "நம்ம ரத்தம் சாதாரண ரத்தம் இல்ல" என்று அவர் ஆரம்பித்தால், "தெரியும், போன மாசம் நான்தானே பார்த்தேன். சர்க்கரை இருநூத்தி எண்பது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். விவகாரம் அம்மாவின் தலையில் விடிந்தபோதுதான் பொறுமை போயிற்று.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து தேறிய பிறகு படி ஏற முடியவில்லை. குளியலறையோ மாடியில். கீழே ஆள் திரும்ப முடியாத கழிப்பறை ஒன்றுதான். அறையில் திரையைக் கட்டி, வாளியில் வெந்நீர் வைத்து, மகள்தான் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

"தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, பக்கத்துல யாரும் இல்லாம, தலையோட தண்ணி ஊத்திக்கணும்டி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு" என்பாள்.

அம்மாவின் அறையை ஒட்டிச் சாமான் அறை சும்மா கிடந்தது. நடுவில் ஒரே ஒரு சுவர். அதை உடைத்து வாசல் வைத்துக் குழாய் இழுத்தால் வேலை முடிந்தது. கொத்தனாரும் சுத்தியலோடு வந்துவிட்டார். வம்சம் ஓடிவந்து சுவருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"இது கொள்ளுத்தாத்தா கட்டின சுவர்! யாராவது கைய வச்சீங்க, நடக்கிறதே வேற!"

வீடு அண்ணன் தங்கை இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. "முதல்ல நீங்க பேசி முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று கொத்தனார் நழுவிவிட்டார்.

இந்தத் தெருவில் ஒன்பதாம் எண் வீட்டைக் கொள்ளுத்தாத்தா கட்டினார் என்று நகராட்சியின் பழைய பதிவேட்டில் அண்ணன் கண்டுபிடித்திருந்தார். வாசலில் ஒன்பது என்று தகடு தொங்கியது. போதாதா அவருக்கு? சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்ததற்குக்கூட விளக்கம் வைத்திருந்தார். நிலநடுக்கத்தைத் தாங்க முன்னோர் கண்ட நுட்பமாம். தூ!

"அண்ணா, அம்மா ஒழுங்கா குளிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா உனக்கு?"

"உணர்ச்சிவசப்படாதே. குளியல் இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு. வரலாறு போனா வருமா?"

அம்மா கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினாள். "டேய், அந்தச் சுவரு இருக்கே..."

"அம்மா, வாய்ப்பேச்செல்லாம் ஆதாரம் ஆகாது. ஆவணம் இருந்தா காட்டு."

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மகனுக்குப் பரிந்து பேசத்தான் வாயைத் திறந்தாள் போலும் என்று மகள் நினைத்தாள். அவளுக்கு அம்மா மீதும் கோபம் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரலாற்றுச் சங்கத்தார் வந்தார்கள். கொள்ளுத்தாத்தா பெயர் பொறித்த பளிங்குப் பலகையைச் சுவரில் பதிக்கும் விழா. அண்ணன் சலவைச் சட்டையில் விறைப்பாக நின்றார். "கட்டில் போட்டோவுல விழும். அம்மாவைக் கொஞ்ச நேரம் கூடத்துல உட்கார வைக்கிறியா?" என்று தங்கையின் காதில் கிசுகிசுத்தார்.

"நீ வேணா வெளிய போய் நில்லு" என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கும்படி.

சங்கத் தலைவி வெள்ளைத் தலைக்காரி, எதையும் நிதானமாகப் பார்க்கிறவள். பலகையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பிறகு கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க எப்பம்மா இந்த வீட்டுக்கு வந்தீங்க?"

அந்த வீட்டில் அந்தக் கேள்வியை அம்மாவிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அம்மா எழுந்து சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"இவன் வயித்துல இருக்கறப்போ விலைக்கு வாங்கிட்டு வந்தோம். அப்போ இது இருபத்திரண்டு. அப்புறம்தான் தெருவுக்கே நம்பர் மாத்தினாங்க. பழைய ஒன்பது எதிர்ல, இப்போ டயர் கடை இருக்கே, அதுதான்."

அண்ணன் பலகையை எழுத்து தெரியாதபடி திருப்பிப் பிடித்தார். பீரோவில் கிடந்த வீட்டுப் பத்திரத்தை மட்டும் அவர் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

"அப்போ இந்தச் சுவர்?" என்றாள் தலைவி.

"இதுவா? இவங்கப்பாவுக்கும் அவர் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்ல. அவன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு குறுக்கே எழுப்பினாரு. நான்தான் வயித்தைத் தள்ளிக்கிட்டு சாந்து குழைச்சுக் கொடுத்தேன். அந்த மனுஷனுக்கு நேரா செங்கல் அடுக்கத் தெரியல, கோணிக்கிட்டு நிக்குது பாருங்க."

தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை. சங்கத்தார் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

"ஏம்மா இதை முன்னாடியே சொல்லல?" அண்ணனின் குரல் கீச்சென்று வந்தது.

"சொல்ல வந்தேன். நீ ஆவணம் கேட்டே. நான் என்னடா கண்ணா, முத்திரை குத்தியா பொறந்தேன்?"

மறுநாள் காலை சுவர் விழுந்தது. கொத்தனார் இரண்டு அடி கொடுத்ததுமே பாதி பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. வம்சம் அந்த நேரத்தில் எதிர்ச் சாரியில், டயர் கடைக்காரரிடம் உள்ளே ஏதாவது பழைய சுவர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். திருந்துகிற ஜென்மமா அது!

குளியலறை தயாரான அன்று மகள் அம்மாவைப் பிடித்து அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். "சரி, நீ போ" என்றாள் அம்மா. கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர்ச் சத்தம், நிற்காமல். மகள் வெளியே நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வம்சம் வந்தார். கையில் செல்போன், பதிவு பொத்தானில் விரல்.

"அம்மா! அப்பாவோட தாத்தா பத்தி உனக்கு வேற என்னென்ன தெரியும்? இப்பவே சொல்லு, பதிவு பண்ணிக்கிறேன்."

உள்ளே தண்ணீர் நின்றது.

"குளிச்சிட்டு இருக்கேன்டா, போ."

"எப்ப வரட்டும்?"

"நான் செத்தப்புறம் வா. அப்பதானே உனக்கு ஆளுங்களைப் பிடிக்கும்!"

தண்ணீர் மறுபடி விழத் தொடங்கியது.