பன்னிரண்டாவது படம்

எங்கள் கல்யாணத்தில் நான்கு படங்கள் எடுத்தார்கள். நான்கிலும் செங்கமலம் குனிந்திருக்கிறாள். ஒன்றில் நெற்றிச்சுட்டி தெரிகிறது. இன்னொன்றில் வகிடு. மூன்றாவதில் மாமனார், அவருடைய பங்காளிகள், சைக்கிளில் வந்து இறங்கிய கணக்குப்பிள்ளை எல்லாரும் நேராகப் பார்க்கிறார்கள். அவள் தன் கால்விரலைப் பார்க்கிறாள். கடைசிப் படத்தில்தான் முகம் ஓரளவு இருக்கிறது. கன்னம், மூக்குத்தி, உதடு. இமைகள் தாழ்ந்திருக்கின்றன. அவள் பிடரியில் வளையல் போட்ட ஒரு கை இருக்கிறது. அது அவள் அம்மாவின் கை. மணப்பெண் நிமிர்ந்தால் ஊர் பேசும் என்று அத்தை அந்தக் கையை எடுக்கவே இல்லை.

வேறு படம் கிடையாது. புதுக்கோட்டைக்குப் போய் ஸ்டுடியோவில் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொள்ளலாம் என்று பேசியிருந்தோம். முதலில் கடலை பறிக்கும் சமயமாகிவிட்டது. பிறகு அவள் உண்டானாள். மாசமாக இருப்பவளைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்றார்கள். பிள்ளை பிறந்து கொஞ்சம் வளரட்டும் என்றிருந்தோம். டைபாய்டு வந்தபோது புதுக்கோட்டைக்குப் போனோம். அதே பஸ்தான். ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

பிள்ளை பெயர் பொன்னுத்தாய். மூன்று வயது. ஆலங்குடியில் என் அம்மாவிடம் வளர்கிறாள். நான் அங்கே தாலுகா ஆபீசில் குமாஸ்தா. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அவள் அந்தக் கடைசிப் படத்தைக் காட்டுவாள்.

"அம்மா தூங்குதா?"

"தூங்கலை."

"அப்ப ஏன் கண்ணைத் தெறக்க மாட்டேங்குது?"

தினமும் இதையே கேட்டாள். தினமும் நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

அந்த வருடம் வைகாசியில் செங்கமலத்தின் தங்கை செவந்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சிவசாமி, பொன்னமராவதியில் வாத்தியார். முதலில் செவந்தியை எனக்கே கட்டிவைக்கப் பேச்சு நடந்தது. பிள்ளைக்கு நல்லது என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். செவந்தியும் வேண்டாம் என்றாளாம். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் மாமனார் ஆண்டியப்பன் என்னை விடவில்லை. "மாப்ளே, நீங்க புதுக்கோட்டையில காலேஜ் படிச்சவுக. போட்டோக்காரர் பொறுப்பு ஒங்களோடது" என்றார். சரி என்றேன். எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது.

கீழராஜ வீதியில் சூசைராஜின் ஸ்டுடியோ மாடியில் இருந்தது. தலையில் எண்ணெய், சட்டைப் பையில் சீப்பு. பேசிக்கொண்டே கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்கிற ஆள். கல்யாண நாளைக் குறித்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்தேன். ஒரு செட்டியார், ஒரு கிழவி, தலைப்பாகையோடு ஒரு போலீஸ்காரர். எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த வரிசை பூரா காலமானவங்க சார். தூக்கி உக்கார வச்சு எடுத்தது. கண்ணை நான் தெறந்து விட்டேன்."

"எல்லாருக்கும் ஒரே கண்ணா இருக்கே."

"எப்படி இருந்துச்சுன்னு கேட்டா எவனுக்கும் சொல்லத் தெரியலை. பெருசா இருந்துச்சுங்கிறான். நல்லா இருந்துச்சுங்கிறான். சரிதான்னு எல்லாருக்கும் ஒண்ணையே போட்டுட்டேன். இதுவரைக்கும் யாரும் திருப்பிக் கொண்டாரலை."

பையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"சம்சாரமா?"

"ஆமா."

"உசுரோட இருக்கறப்பவே குனிய விட்டு எடுத்திருக்கானே, எந்த மடையன்? சரி, சொல்லுங்க. கண்ணு எப்படி இருக்கும்?"

யோசித்தேன். சோறு போடும்போது இலையைப் பார்ப்பாள். அம்மா இருக்கும்போது என்னிடம் பேச வேண்டியிருந்தால் கதவைப் பார்த்துப் பேசுவாள். விளக்கை அணைத்த பிறகுதான் நிறையப் பேசுவாள். அப்போது குரல் மட்டும்தான்.

"பெருசா இருக்கும்" என்றேன்.

சூசைராஜ் சிரிக்கவில்லை. சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார்.

"கூடப் பொறந்தவங்க யாரும் இருக்காங்களா?"

"அவங்க கல்யாணத்துக்குத்தான் ஒங்களைக் கூப்பிட வந்தேன்."

"அப்பறம் என்ன சார். அவங்களை ஒரே ஒரு படம், நேராக் கேமராவைப் பாத்து நிக்கச் சொல்லுங்க. அதைப் பாத்து நான் இதுல வச்சிடுறேன். ஒரே வயித்துப் பிள்ளைக, ஒத்துக்கும்."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போனேன். செவந்தி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"என் கண்ணு அக்கா கண்ணு மாதிரியா இருக்கு, அத்தான்?"

"தெரியலை."

"எனக்கும் தெரியலை. ஆத்தாளைக் கேட்டா அழும்." துணியைப் பிழிந்தாள். "நிமிந்து நிக்கணும். அம்புட்டுத்தானே? நான் பாத்துக்கிறேன்."

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். மாமனார், அத்தை உண்ணாமலை, அத்தையின் தம்பி அழகுமலை. அழகுமலை பெண்ணுக்குத் தாய்மாமன். அன்றைக்கே மாலை போட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு ரோல், பன்னிரண்டு படம், அதற்கு மேல் கிடையாது என்று சூசைராஜ் சொல்லியனுப்பியதைச் சொன்னேன். பந்தலுக்குள் வெளிச்சம் போதாது, எல்லாப் படத்தையும் முகூர்த்தம் முடிந்து வெயில் வந்தபின் வெளியே கிழக்குச் சுவரோரம்தான் எடுக்க முடியும் என்றும் சொன்னேன்.

"அப்ப தாலி கட்டுற படம்?" என்றார் மாமனார்.

"வெளியே வந்து கட்டுற மாதிரி ஒரு தடவை பிடிச்சுக்கணுமாம்."

அத்தை வெற்றிலையைக் கீழே வைத்தார். "தாலியை ரெண்டு தடவை கட்டுறதா? அந்த ஆளுக்கு ஆத்தா அக்கா இல்லையா?"

"தாலி வேண்டாம்க்கா. மாலையப் பிடிச்சுக்கட்டும், தூரத்துல பாக்கறவனுக்கு என்ன தெரியப் போகுது" என்றார் அழகுமலை. "அதுல நான் பக்கத்துல நிக்கணும். தாய்மாமன் இல்லாம என்ன படம்?"

அப்படியே பங்கு நடந்தது. மாலை பிடிக்கிறதுக்கு ஒன்று. மாப்பிள்ளை வீட்டாருக்கு மூன்று, பெண் வீட்டாருக்கு இரண்டு. பங்காளிகளுக்கு இரண்டு, ஏனென்றால் ஒரே படத்தில் நிற்க மாட்டார்கள். கூட்டுறவுச் சங்கத் தலைவருக்கு ஒன்று. தாய்மாமன் சீருக்கு ஒன்று. மாமனாரின் வில்வண்டியும் மாடுகளும் ஒன்றில் வர வேண்டும் என்றார். மாடு ஆடாமல் நிற்குமா என்று கேட்டேன். "ஒங்க தாசில்தாரை விட நல்லா நிக்கும்" என்றார். கடைசியில் ஒன்று மிச்சமிருந்தது. அழகுமலை அதைத் தன் பிள்ளைகளுக்குக் கேட்டார்.

அதுவரை அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்த செவந்தி, "அது எனக்கு" என்றாள்.

"எல்லாத்துலயும் நீதானே இருக்க?"

"எல்லாத்துலயும் என் வகிடுதான் இருக்கும். அது எனக்கு, தனியா. நிமிந்து பாத்து."

"நிமிந்தா?" அழகுமலை என் பக்கம் திரும்பினார். "யாரு சொல்லிக் குடுத்தது? மச்சினிச்சி மூஞ்சிய நேராப் பாக்கணும்னு இப்பத்தான் ஆசை வந்துச்சா தம்பி? கட்டிக்கிறியளான்னு கேட்டப்ப வேண்டாம்னியளே."

 எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். எழவில்லை.

"அத்தானுக்கு இல்லை மாமா" என்றாள் செவந்தி. "பொன்னுத்தாயிக்கு. அக்கா கண்ணு ஒரு படத்துலயும் இல்லை. எங்கண்ணப் பாத்து வரைஞ்சு அக்கா படத்துல வைக்கப் போறாக. அந்தப் பிள்ளை ஆத்தா தூங்குதான்னு கேக்குதாம்."

அழகுமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மாமனார் வெளியே மாட்டைப் பார்த்தார். அத்தை கீழே வைத்த வெற்றிலையை மறுபடி எடுத்து, காம்பைக் கிள்ளினார். கிள்ளிய வெற்றிலையையே திரும்பக் கிள்ளினார்.

"எடுங்க" என்றார்.

கல்யாணத்தன்று வெயில் நன்றாக இருந்தது. கிழக்குச் சுவரில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டோம். சூசைராஜ் கறுப்புக் கண்ணாடி போட்டு வந்திருந்தார். நாங்கள் பேசியபடியே எல்லாம் நடந்தது. மாடுகள் மட்டும் நிற்கவில்லை. கூட்டுறவுச் சங்கத் தலைவர் இரண்டு படத்தில் வந்துவிட்டார், அவரை யாரும் விலகச் சொல்ல முடியவில்லை. செவந்தி குனிந்தே இருந்தாள். அத்தை அவள் பின்னால் நின்றார்.

ஒரு படம் மிச்சமிருக்கும்போது மாப்பிள்ளை வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் வண்டியில் வந்து இறங்கினார். கையில் எலுமிச்சம்பழம். மாப்பிள்ளையின் அப்பா ஓடினார். "சாரோட ஒரு போட்டோ, சாரோட ஒரு போட்டோ" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மாமனார் என்னைப் பார்த்தார். சம்பந்தி கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. எனக்கும் அது தெரியும். சூசைராஜிடம் போய், அவரையே எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சிவசாமி மெதுவாக, தலைமையாசிரியருக்குக் கேட்கிற மாதிரி, "சார், லேட்டா வந்தவங்க வெளியே நிக்கணும்னு நீங்கதானே சார் ரூல் போட்டீங்க" என்றார். தலைமையாசிரியர் சிரித்துவிட்டார். எலுமிச்சம்பழத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போனார். சிவசாமியும் ஜமுக்காளத்தை விட்டு விலகி வந்து என் பக்கத்தில் நின்றார். அந்தப் படம் எதற்கென்று அவரிடம் செவந்தி சொல்லியிருக்க முடியாது. அவர்கள் அதுவரை பேசிக்கொண்டதில்லை. மாமனார் சொல்லியிருப்பார்.

செவந்தி தனியாக நின்றாள். சுற்றிலும் பெண்கள் சிரித்தார்கள். பழக்கத்தில் அத்தையின் கை அவள் பிடரிக்குப் போனது. அங்கே தொடாமல் நின்றது. பிறகு தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டது.

"நிமிரும்மா" என்றார் சூசைராஜ்.

நிமிர்ந்தாள். நேராகப் பார்த்தாள். கேமராவுக்குப் பின்னால் நான் பொன்னுத்தாயைத் தூக்கி வைத்திருந்தேன். பிள்ளை, "சித்தி" என்று கையாட்டினாள். செவந்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து ஸ்டுடியோவுக்குப் போனேன். சூசைராஜ் செங்கமலத்தின் படத்தை வேறு தாளில் பெரிதாகப் போட்டு, கண் வைத்து, அட்டையில் ஒட்டி வைத்திருந்தார். பக்கத்தில் செவந்தியின் படத்தையும் வைத்தார்.

"ஒத்துக்கிச்சா இல்லையா, பாருங்க."

வேலை சுத்தமாக இருந்தது. கோடு தெரியவில்லை. குனிந்த தலையிலிருந்து ஒரு பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் அடக்கிய சிரிப்பு இருந்தது. செவந்தியின் சிரிப்பு. யாரோ ஒருத்தி செங்கமலத்தின் மூக்குத்தியைப் போட்டுக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது.

அவள் கண் இது இல்லை என்று உடனே தெரிந்தது. அப்படியென்றால் எது என்று யோசித்துப் பார்த்தேன். ஜன்னலில் வெளிச்சம், கீழே பஸ்ஸின் ஹாரன். எதுவும் வரவில்லை.

"இது அவ இல்லை" என்றேன்.

"ஒங்களுக்குத் தெரியும் சார். பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இதான் ஒங்கம்மான்னு ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா நம்பிடும்."

"நம்பிடும். அதான் வேண்டாம்."

சூசைராஜ் சீப்பை எடுத்தார். பழைய படத்தைத் திருப்பித் தந்தார். கண் வைத்த படத்தை என்ன செய்வது என்று கேட்டார். கிழித்துவிடச் சொன்னேன். அவர் கிழிக்கும்வரை நின்றேன். செவந்தியின் படத்தைப் பொன்னமராவதிக்குத் தபாலில் அனுப்பினேன். நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் எழுதினேன்.

வீட்டுக்குப் போனபோது பொன்னுத்தாய் கூடத்தில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். படத்தைப் பையிலிருந்து எடுத்ததைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா தூங்குதா?"

"தூங்கலை. கீழே பாக்குது."

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று தெரியவில்லை. உண்மை அதுதான்.

அவள் புளியங்கொட்டைகளை ஓரமாகத் தள்ளினாள். பிறகு தரையில் மல்லாந்து படுத்தாள். "மேலே பிடி" என்றாள்.

படத்தை அவள் முகத்துக்கு மேலே, தரையைப் பார்க்கும்படி பிடித்தேன். இங்கிட்டு, இன்னும் இங்கிட்டு என்று சொல்லி நகர்த்தவைத்தாள். அசையாமல் மேலே பார்த்தாள்.

"தெரியுதா?"

"தெரியுது."

"எப்படி இருக்கு கண்ணு?"

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மறுபடியும் பார்த்தாள். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். கை வலித்தது. பிடித்துக்கொண்டிருந்தேன்.