யா பேரில் ஒரு சங்கு

என்சுவானோ படகுத் துறையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சங்கு ஊதினால் படகு நகரக்கூடாது. சங்கு சும்மா இருந்தால் போகலாம்.

அன்று சங்கு சும்மாதான் இருந்தது. கரையில் நிற்கும் சங்கைப் பற்றிக் கவலை இல்லை, பித்தானை அழுத்தினால் ஊர் முழுக்க எழும்பும். சிக்கல் நடு ஏரியில் இருந்தது. தண்ணீரில் மூழ்கி நிற்கும் பட்ட மரங்களுக்கு நடுவே ஒரு கம்பத்தில் இன்னொரு சங்கு. போன வாரம் இடி விழுந்து அதன் ரேடியோப் பெட்டி கருகிப்போனது. புதுப் பெட்டி மாட்டியாயிற்று. ஆனால் கரையில் உள்ள கணினியின் பழைய நிரல் பேசும் பாஷை புதுப் பெட்டிக்குப் புரியவில்லை.

புது நிரல் குமாசி நகரத்திலிருந்து வரவேண்டும். வந்தும்விட்டது. காலையில் வந்த வேன் டிரைவர், சேனைக்கிழங்கு மூட்டைக்கு அடியிலிருந்து ஒரு கவரை உருவி, இயந்திர அறை ஜன்னல் வழியாக நீட்டினான். உள்ளே ஒரு பென் டிரைவ்.

அதை வாங்கிக்கொண்டவள் யா டுஃபி. சங்கு, கணினி, கம்பங்கள் எல்லாம் அவள் பொறுப்பு. சந்தை கலைந்த பிறகு, நிரலை எழுதி அனுப்பிய குவாக்கு அன்னிங்கைப் போனில் வைத்துக்கொண்டு நிதானமாக ஏற்றிக்கொள்ளலாம் என்று அதை மேசை மேல் வைத்தாள்.

வியாழக்கிழமை. மண்ணுக்கு ஓய்வு நாள், எவரும் மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். அதனால்தான் சந்தை வியாழனில். காடு கழனியில் இருக்கவேண்டிய கூட்டமெல்லாம் துறையில் இருந்தது.

யா போக்குவாவின் படகும் கிளம்பிக்கொண்டிருந்தது. இந்த போக்குவா இரண்டு வருஷம் முன்பு வரை அதே இயந்திர அறையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். ஒரு நாள் எழுந்து போய்ப் படகு வாங்கிவிட்டாள். கணினிக்குள் நுழைவதற்கான ‘யா’ என்ற பெயர் இன்னமும் அவளுடையதுதான். டுஃபி வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருத்தி இருந்ததால், குவாக்கு அவளுக்கு ‘யா2’ என்று போட்டுக் கொடுத்தான். போக்குவா அதை விடுவாளா? பார்க்கும்போதெல்லாம் டுஃபியை இளைய சம்சாரம் என்றுதான் கூப்பிடுவாள்.

டுஃபி துறைக்கு ஓடிப்போய், நடு ஏரிச் சங்கு ஊமையாகக் கிடக்கிறது, சாயங்காலம் போனால் என்ன என்று கேட்டாள். போக்குவா வானத்தை அண்ணாந்து பார்த்தாள். கழுவிவைத்த தட்டு மாதிரி இருந்தது வானம்.

"இளையவளே, ஒன் சங்குக்குத் தொண்டை கட்டுனா நான் கடையைச் சாத்தணுமா? போய் வெந்நீர் வெச்சுக் குடு அதுக்கு."

படகில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். உப்பு மூட்டைகள், கோழிக் கூடைகள், முதுகில் கட்டிய குழந்தைகள். மோட்டார் உறுமியது. படகு போய்விட்டது.

*

வடக்குத் துறையிலிருந்து போன் வந்தபோது டுஃபி மிளகாய் அரைப்பில் கெங்கே என்ற சோள உருண்டையைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் பேசியவருக்கு மூச்சு இரைத்தது. காற்று திடீரென்று கிளம்பிவிட்டதாம், பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டதாம், நேராகத் தெற்கே இறங்குகிறதாம்.

கெங்கே தட்டிலேயே கிடந்தது. டுஃபி பித்தானை அழுத்தினாள். கரைச் சங்கு அலறியது. துறையில் கிளம்ப இருந்த படகுகள் கயிற்றைத் திரும்பக் கட்டின. திரையில் நடு ஏரிக் கம்பத்தின் பெயருக்கு நேரே மட்டும் பதில் இல்லை. மறுபடி அழுத்தினாள். பதில் இல்லை.

கரைச் சத்தம் அவ்வளவு தூரம் போகாது. மரங்களுக்கு நடுவே போன் எடுக்காது. போக்குவாவுக்குச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் இருந்தது. அது ஊமை.

துறை மேலாளர் அசியாமா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கழுத்தில் தூரக்கண்ணாடி, கையில் ஒலிபெருக்கிக் குழாய். போக்குவா மரக்கூட்டத்துக்குள் நுழையப்போகிறாள் என்றார். உள்ளே போய்விட்டால் காற்றில் படகைத் திருப்ப முடியாது, ஏதாவது ஒரு கட்டை வயிற்றைக் கிழித்துவிடும். நுழைவதற்கு முன்னால் சத்தம் கேட்டால் ஆட்டுத் தீவின் மறைவுக்கு ஒதுங்கிவிடலாம்.

"எவ்வளவு நேரம் இருக்கு மாமா?"

"பேசுற நேரம் இல்ல."

டுஃபி பென் டிரைவைச் செருகினாள். கறுப்புத் திரையைத் திறந்தாள். புது நிரலைப் பழையதன் மேல் காப்பி செய்யச் சொன்னாள். கணினி மறுத்தது: கோப்பு வேலையில் இருக்கிறது.

குவாக்குவுக்குப் போன் போட்டாள். நாலைந்து தடவை அடித்த பிறகு எடுத்தான். பின்னால் உலக்கைச் சத்தம். கை சூப்பில் இருக்கிறது, இடித்த கிழங்கு ஃபுஃபு ஆறிவிடும், அப்புறம் பேசலாமா என்றான். டுஃபி ஒரே மூச்சில் விஷயத்தைச் சொன்னாள். உலக்கைச் சத்தம் தூரப் போனது. சாப்பாட்டுக் கடையை விட்டு வெளியே வந்துவிட்டான்.

"காப்பி பண்ணாத. ஓடிட்டிருக்கிற லாரிக்கு டயர் மாத்துற கதை அது. ‘இன்ஸ்டால்’னு ஒரு கட்டளை இருக்குல்ல, அதைப் போடு. பழசைக் கிளப்பிட்டு அதே எடத்துல புதுசை உக்கார வெக்கும். யாரோடதுன்னு பேரும் எழுதும். பூட்டும் போடும். எல்லாம் ஒரே வரியில."

"பூட்டு எப்படி அண்ணே?"

"எழுநூறு போடு. சொந்தக்காரி மட்டும்தான் அதை ஓட்டலாம், வேற யாரும் தொட முடியாது. சொந்தக்காரர் எடத்துல யா பேரைப் போடு. போட்டுட்டு நிரலை நிறுத்தி மறுபடி..."

போன் செத்தது. அவன் பக்கத்திலா, இவள் பக்கத்திலா, யார் கண்டார்கள்.

டுஃபியின் விரல்கள் ஓடின. இன்ஸ்டால். பூட்டு எழுநூறு. சொந்தக்காரர், யா. எங்கிருந்து, எங்கே. தட்டினாள்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் நல்ல சகுனம். இந்தக் கட்டளைகள் எல்லாம் அப்படித்தான், சொன்ன வேலை முடிந்தால் வாய் திறக்காது, முடியாவிட்டால்தான் புலம்பும். அவள் சிரித்தேவிட்டாள். பழைய நிரலை நிறுத்தினாள். புதியதைக் கிளப்பினாள்.

இப்போது திரை பேசியது: அனுமதி இல்லை.

மறுபடி கிளப்பினாள். அனுமதி இல்லை. கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டாள். அது சாவகாசமாக எழுந்து, விசிறி சுற்றி, அதையே சொன்னது.

இதற்குள் வடக்கே அடிவானம் கருத்துவிட்டது. தண்ணீரின் நிறம் மாறிக்கொண்டு வந்தது. பழைய நிரல் போய்விட்டதால் இப்போது கரைச் சங்கும் ஊமை.

அசியாமா பழையதைத் திரும்ப வைக்கச் சொன்னார். அதன் பிரதி ஒன்று கணினியில் இருந்தது. வைக்கலாம். வைத்தால் கரைச் சங்கு ஊதும்.

"கரையில இருக்கிறவங்களுக்கு இப்ப சங்கு எதுக்கு மாமா?"

அவர் தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தபடி வெளியே நடந்தார். டுஃபி திரையில் தான் அடித்த வரியை எழுத்து எழுத்தாகப் படித்தாள். எங்கிருந்து, சரி. எங்கே, சரி. எழுநூறு, சரி. பேர், சரி. எல்லாம் சரி, அனுமதி மட்டும் இல்லை. யாருக்கு இல்லை? தன் கணினி, தன் நிரல், தன் பேர். மரங்களுக்கு நடுவே பிளந்து மிதக்கும் பலகைகளும் உப்பு மூட்டைகளும் கண்ணுக்குள் வந்து போயின.

வெளியே அசியாமாவுக்குப் பொறுக்கவில்லை. கேட்காது என்று தெரிந்தும் ஒலிபெருக்கிக் குழாயை வாயில் வைத்து, ஏரியைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார்.

"யா! ஏ, யா!"

துறை முழுக்கத் தலைகள் திரும்பின. வாழைக்காய் விற்றுக்கொண்டிருந்தவள் திரும்பினாள். கெங்கேப் பானைக்காரி திரும்பினாள். தலையில் வெங்காய மூட்டையோடு போய்க்கொண்டிருந்தவள் மூட்டையோடு சேர்ந்து திரும்பினாள். ஜன்னலுக்கு உள்ளே டுஃபியும் திரும்பினாள்.

வாழைக்காய்க்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எந்த யா?"

டுஃபி சட்டென்று திரைக்குத் திரும்பினாள்.

எந்த யா. வியாழக்கிழமை பிறந்த அத்தனை பெண்ணும் யா. அவளை அம்மா யா என்றாள், புருஷன் யா என்கிறான், குவாக்கு யா என்றான். அவளும் தன்னை யா என்றே நினைத்து யா என்றே அடித்துவிட்டாள். ஆனால் இந்த அறையின் கணினிக்கு யா என்றால் ஒரே ஒருத்திதான், போக்குவா. சங்கு நிரலைக் கிளப்புவது ‘யா2’ பேரில். கதவு மட்டும் ‘யா’ பேரில் பூட்டப்பட்டிருக்கிறது. சாவியோ நடு ஏரியில் படகு ஓட்டிக்கொண்டிருக்கிறது!

அதே வரியைத் திரும்ப வரவழைத்தாள். பேருக்குப் பின்னால் ஒரே ஒரு இரண்டு. இத்தனை நாள் கேலிக்கு ஆளான இரண்டு. தட்டினாள்.

திரை வாய் திறக்கவில்லை. ஒரு விரலைப் பித்தானின் மேல் வைத்துக்கொண்டாள்.

கிளப்பினாள்.

கரைச் சங்கு அலறியது. வாசலில் நின்ற அசியாமா துள்ளித் திரும்பினார். டுஃபி அவரைப் பார்க்கவில்லை. திரையில் நடு ஏரிக் கம்பத்தின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுமை. இன்னும் வெறுமை. பிறகு அதற்கு நேரே ஒரு பச்சை வரி: ஊதுகிறேன்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினாள். துறையே காது கொடுத்து நின்றது. கரைச் சங்கு மூச்சு வாங்கிய இடைவெளியில், தண்ணீர் மேல் தவழ்ந்து, மிக மெல்லியதாக, பசு கத்துவது போல் அந்த இன்னொரு சத்தம் வந்தது.

அசியாமா தூரக்கண்ணாடியை இறக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அவர்தான் கண். படகு நேராகத்தான் போகிறது என்றார். இன்னும் நேராகத்தான். வாழைக்காய்க்காரி முந்தானையைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவர் குரல் மாறியது.

"மூக்கு திரும்புது. தீவுப் பக்கம். திரும்புறா... திரும்பிட்டா."

அடுத்து என்ன என்று அவரால் சொல்ல முடியவில்லை. மழை ஒரு சாம்பல் சுவராக வந்து தீவை மறைத்தது, மரங்களை மறைத்தது, கடைசியில் துறையையே மறைத்தது. சந்தைக் கூடாரங்கள் பறந்தன. எல்லோரும் இயந்திர அறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள், கோழிகள் உட்பட. டுஃபி பித்தானை மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே இருந்தாள். பச்சை வரியும் அணையவேயில்லை.

*

காற்று வந்த வேகத்திலேயே போனது. வெயில் திரும்பி, தண்ணீர் மினுங்க ஆரம்பித்தபோது ஆட்டுத் தீவின் பின்னாலிருந்து ஒரு புள்ளி வெளியே வந்தது. துறையே தண்ணீருக்குள் இறங்கி நின்று கை தட்டியது. வெங்காயக்காரி ஆடவே ஆரம்பித்துவிட்டாள்.

போக்குவா நனைந்த கோழி மாதிரி இறங்கினாள். உப்பில் பாதி கரைந்துபோயிருந்தது. ஆட்கள் முழுசாக இருந்தார்கள். நேராக டுஃபியிடம் வந்து நின்றாள். சிரிக்கவில்லை. சங்கு ஊதாது என்று தெரிந்துதானே போனேன், திடீரென்று தலைக்கு மேல் அது கத்தியதும் பயத்தில் கை தானாகவே திருப்பிவிட்டது என்றாள். பிறகு, ஊமைச் சங்கை எப்படி ஊதவைத்தாய் என்று கேட்டாள்.

டுஃபி சொன்னாள். நிரலுக்குச் சொந்தக்காரர் பேர் வைத்தது, அந்தப் பேர் போக்குவாவுடையதாகிப் போனது, கணினி கதவைச் சாத்திக்கொண்டது, எல்லாம்.

"அப்ப கொஞ்ச நேரம் சங்கு என்னோடதா இருந்துச்சு?"

"இருந்துச்சு. ஒரு சத்தம் வரல."

"வராது. வேலையை விட்டுட்டுப் போனவளுக்கு எதுக்கு ஊதும்?" இப்போதுதான் சிரித்தாள். ஈரக் கையால் டுஃபியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள வா. அந்த யாவை அழிச்சிட்டு, ரெண்டை எடுத்துடு. இனிமே நீதான் மூத்தவ."

இருவரும் இயந்திர அறைக்குள் போனார்கள். போக்குவா தன் பழைய நாற்காலியில் உட்காராமல் நின்றாள். டுஃபி கறுப்புத் திரையைத் திறந்து, ‘யா’வை நீக்கச் சொல்லி வரியை அடித்துவிட்டு, கடைசி விசையைத் தட்டுவதற்கு முன் நிறுத்தினாள். யோசித்தாள். முழு வரியையும் அழித்தாள்.

"என்னாச்சு?"

"ரெண்டு இருக்கட்டும் அக்கா. இந்த ஊர்ல அது ஒண்ணுதான் என்னோட பேரு."

வெளியே அசியாமா ஒலிபெருக்கியில் யாரையோ யா என்று கூப்பிட்டார். இருவருமே திரும்பினார்கள்.