ஒன்றும் ஒன்பதும்

மூன்றாவது தடவையாக அத்தான் நாற்காலியைப் பின்னால் தள்ளியபோது எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. ஏணியின் நாலாவது படியில் நின்று, இரண்டு கைகளாலும் புரொஜெக்டரைத் தாங்கிக்கொண்டு, பல்லிடுக்கில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டிருப்பவனால் ஆத்திரம் வந்தாலும் வாய்விட்டுக் கத்த முடியாது. தரையில் நான் சாக்பீஸால் போட்டிருந்த பெருக்கல் குறி நாற்காலிக்கு இரண்டடி முன்னால் அநாதையாகக் கிடந்தது. திரைக்கும் அந்தக் குறிக்கும் சரியாகப் பத்தடி. திரையின் அகலத்தை அளந்து, உட்காருபவரின் கண் உயரத்தை அளந்து, கணக்குப் போட்டு வைத்த குறி. புரொஜெக்டரை ஒருவழியாகத் தாங்கியில் மாட்டி, திருகாணிகளை முடுக்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

“அத்தான், அந்தக் குறிய நான் வேலவெட்டி இல்லாமயா போட்டேன்? அது மேலதான் நாற்காலி இருக்கணும்.”

“இங்கருந்து பாத்தா நல்லா இருக்கு மாப்ளே.”

“இன்னும் படமே போடல. அதுக்குள்ள என்ன நல்லா இருக்கு?”

அவர் சிரித்தார். அத்தான் சிரித்தால் அதற்கு மேல் சண்டை போட முடியாது. பதினொரு வருடமாக வீடு வீடாகப் போய்த் திரை கட்டுகிறேன். கழுத்து சுளுக்கிக்கொள்ளும் உயரத்தில்தான் திரை வேண்டும் என்று அடம்பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு நேரே மாட்டச் சொல்லிவிட்டுப் பகலில் படம் தெரியவில்லை என்று போன் போட்டுத் திட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அத்தான் அந்த ரகம் இல்லை. இருபத்தாறு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஒரு கீறல் இல்லை. டிப்போவில் கொடுத்த பாராட்டுப் பத்திரம் ஹாலில் தொங்குகிறது. எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். “ரோட்டப் பாக்காதடா, ரோட்டோரத்தப் பாரு. வர்றதெல்லாம் ஓரத்துலருந்துதான் வரும்” என்று பக்கத்தில் உட்கார்ந்து மண்டையில் தட்டித் தட்டிச் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது.

எரிச்சலுக்கு இன்னொரு காரணம் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஆற அமர வந்து செய்கிறேன் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. புதன்கிழமைதான் வர வேண்டும், அத்தானுக்கு அன்றைக்கு மதியம் டூட்டி, அவர் கிளம்புவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று மூன்று தடவை போன் செய்துவிட்டாள். மகள் வேலைக்காக வேறு ஊர் போனபின் அவளுடைய அறை சும்மா கிடந்தது. அதில் தியேட்டர் போட வேண்டும் என்பதும் அக்காவின் யோசனைதான். அத்தானுக்குப் பெரிய ஆர்வம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டேகால் மணி வண்டிக்கு அவர் ஒன்றேகாலுக்குக் கிளம்ப வேண்டும். இஸ்திரி போட்ட சீருடை அந்த அறையின் பின்சுவரிலேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டு. வேலை அவசரத்தில் எனக்குக் கை சும்மா இருக்காது. இடுப்பில் செருகிய அளவு டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அது நிற்கவே இல்லை.

அக்கா டீ கொண்டுவந்தாள். என்னுடையதை ஏணிப்படியில் வைத்தாள். அவருடைய டம்ளரை அவர் கையிலேயே கொடுத்து, விரல்களை அதைச் சுற்றி மூடிவிட்டுப் போனாள். இந்த வயதில் இதெல்லாம் நடக்கிறதா என்று கேலி செய்ய வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தேன்.

திரைச்சீலைகளை இழுத்து அறையை இருட்டாக்கிவிட்டு எண்களைப் போட்டேன். படம் நேராக விழுகிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் கட்டம் அது. வெள்ளைத் திரையில் இடமிருந்து வலமாக ஒன்று முதல் ஒன்பது வரை பெரிய கறுப்பு எண்கள், சுற்றிலும் ஒரு கோடு. திரையின் கறுப்பு விளிம்பும் அந்தக் கோடும் நாலு மூலையிலும் பொருந்த வேண்டும். ஏணியில் இருப்பவனுக்கு அது சரியாகத் தெரியாது. நாற்காலியில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். “மூலை பாக்கறப்ப அவரையே உக்கார வைடா” என்று அக்கா போனிலேயே சொல்லியிருந்தாள்.

அத்தான் ஒவ்வொரு மூலையாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பந்தாட்டம் பார்ப்பவர் மாதிரி. பஸ்ஸின் பக்கக் கண்ணாடிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கழுத்து என்று முதலில் நினைத்தேன். வலது மேல் மூலை சற்று இறங்கியிருந்தது. அதைத் தூக்கப்போய் இடது பக்கம் வழிந்துவிட்டது. ஒன்று என்ற எண் பாதி திரையிலும் பாதி சுவரிலுமாக விழுந்தது. ஜன்னல் திரைச்சீலை வரைக்கும் வெளிச்சம். ஏணி மேலிருந்தே எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

“இப்ப எப்படி அத்தான்?”

அவர் வலது மூலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கச்சிதம். அப்படியே முடுக்கிடு.”

கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. மெதுவாக இறங்கினேன். “அந்த மூலையவே பாத்துட்டிருங்க, அசையுதான்னு சொல்லுங்க” என்றேன். திரைக்கு இடது பக்கமாகப் போய், அந்த வெளிச்சத்துக்குள்ளேயே நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். ஆட்டினேன். ஒரு முழு ஆள். என் நிழல் சுவரில் கை ஆட்டுகிறது. அத்தான் நல்ல பிள்ளையாக வலது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அசையலியே மாப்ளே” என்றார், நான் இன்னும் ஏணி மேலேயே நிற்பது போல. என் கையிலிருந்து டேப் நழுவி ‘சடக்’கென்று சுருண்டது. திடுக்கிட்டுத் திரும்பினார்.

“நீ எப்படா அங்க போன?”

“ஸ்பேனர் எடுக்கணும்” என்று உளறிவிட்டுச் சமையலறைக்கு நடந்தேன். அங்கே அக்கா கழுவிய பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்தாள்.

“பாத்துட்டியா?”

“அக்கா, அவருக்குப் பக்கத்துல ஒண்ணுமே தெரியல.”

“எட்டு மாசமாச் சொல்றேன். கதவு நிலைல இடிச்சுக்கறார், கேட்டா கவனிக்கலங்கறார். போன வாரம் டிப்போ வாசல்ல ஒரு சைக்கிள்காரன் மயிரிழைல தப்பிச்சான். அதையும் அவர் சொல்லல. கண்டக்டர் வந்து சொல்லிட்டுப் போனார்.”

“வருஷா வருஷம் கண்ணு பாப்பாங்கல்ல?”

“எழுத்துப் படிக்கச் சொல்றாங்க. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிக்கறார். நேரா பாக்கறதுல என்ன குறை? நான் வாயத் திறந்தா, ‘உனக்கு நான் வீட்டோட கெடக்கணும், அதானே’ன்னு சிரிக்கறார். பொண்டாட்டி பேச்சுதானே. நீ சொன்னா அப்படியில்ல. நீ அளந்து சொல்ற ஆளு.”

“இதுக்கா இந்தத் தியேட்டரு? இதுக்கா புதன்கிழம?”

“படமும் பாக்கலாம்ல” என்றாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். பழியைத் தூக்கி என் தலையில் வைக்க எட்டு மாதம் ஆள் தேடியிருக்கிறாள். ஏணியை மடக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. சொன்னால், இருபத்தாறு வருடம் ஓட்டியவரை நான் ஒரே வார்த்தையில் இறக்கிவிட்டவன் ஆவேன். சொல்லாவிட்டால், இன்று இரண்டேகாலுக்கு ஐம்பது பேர் அந்த வண்டியில் ஏறுவார்கள். ரோட்டில் இன்னும் எத்தனை சைக்கிள்களோ. சமையலறைக் கடிகாரத்தில் பன்னிரண்டு ஐம்பது. இந்தப் பாழாய்ப்போன டேப்பை இழுத்து விட்டுக்கொண்டே அறைக்குத் திரும்பினேன். அக்கா பின்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

முதலில் ஏணியில் ஏறிப் படத்தைச் சரிசெய்தேன். ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா எண்களும் திரைக்குள் வந்தன. பிறகு நாற்காலியை அவரோடு சேர்த்து இழுத்து என் குறிமேல் வைத்தேன். அவர் தடுக்கவில்லை.

“அத்தான், நடுவுல அஞ்சு இருக்கு பாருங்க. அதையே பாருங்க. தலையையும் திருப்பக் கூடாது, கண்ணையும் திருப்பக் கூடாது. எந்தெந்த நம்பர் தெரியுது?”

“என்னடா இது, பள்ளிக்கூடமா?”

“சொல்லுங்க.”

“அஞ்சு. நாலு, ஆறு.” கண்களைச் சுருக்கினார். “மூணு. ஏழு.”

“அப்புறம்?”

“அவ்வளவுதானே போட்டிருக்க?”

கேட்டபிறகு அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மெல்லத் தலையை இடது பக்கம் திருப்பினார். இரண்டைப் பார்த்தார், ஒன்றைப் பார்த்தார். வலது பக்கம் திருப்பினார். எட்டு, ஒன்பது. திரும்பவும் நடுவில் கண்ணை நிறுத்தினார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு வாசலில் நின்ற அக்காவைப் பார்க்க உடம்பையே முழுதாகத் திருப்பினார். அவள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டீங்களா?”

“இல்ல அத்தான்” என்றேன். “நான் அந்தப் பக்கம் நின்னு கைய ஆட்டினேன். ரொம்ப நேரம் ஆட்டினேன். நீங்க பாக்கல.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முழங்கால்மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். ஸ்டீயரிங்கில் இருக்கும் அதே இடைவெளி அந்தக் கைகளுக்கு நடுவில்.

“மணி என்னாச்சு?” என்றார்.

“ஒண்ணு அஞ்சு” என்றாள் அக்கா.

அவர் எழுந்திருக்கவில்லை. காலைத் தரையில் ஊன்றி நாற்காலியை ஓரடி பின்னால் தள்ளினார். கண்ணை எடுக்காமல், “அஞ்சு” என்றார். இன்னும் ஓரடி. நாற்காலிக் கால்கள் என் சாக்பீஸ் குறியை இழுத்து அழித்துக்கொண்டு போயின. “ரெண்டு தெரியுது மாப்ளே. எட்டும் தெரியுது.” சின்னப் பிள்ளை சொல்வது மாதிரி இருந்தது. இன்னும் தள்ளினார். நாற்காலியின் முதுகு பின்சுவரில் போய் முட்டியது. ஆணியில் ஆடிய சீருடையின் ஒரு கை அவர் தோள்மேல் வந்து விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் பின்னால தள்ள முடியுமாடா?” என்று கேட்டார், ஐந்தைப் பார்த்தபடியே.