சாவியைத் திருப்புமுன்

மாமனாரின் காரை மருமகள் ஓட்டிப்போனபோது வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்து, இன்ஜினுக்குள் வால்வுகள் வளைந்துபோயின. தையல் மெஷின் பழுதுபார்ப்பவள் அவள். "நானே மாத்திடுறேன் மாமா" என்று வாயை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புது வால்வுகளும் பெல்ட்டும் மாட்டியாயிற்று. சாவியைத் தொடுமுன் இன்ஜினைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். கணவன் ஸ்பேனரைப் பிடித்து மெல்லத் திருப்பினான். பாதிச் சுற்றில் டக்கென்று நின்றது.

"இறுக்கமா இருக்கு. ஒரு அழுத்து அழுத்தட்டுமா?"

"ஐயோ, கையை எடுங்க! வால்வுல பிஸ்டன் இடிக்குது. அழுத்தினா மறுபடி வளைஞ்சிடும்."

ஏற்கெனவே வளைந்திருந்தால்? அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பெல்ட் பற்சக்கரத்தில் சில பற்கள் தள்ளி உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றி, சக்கரங்களில் இருந்த குறிகளை நேராக்கி, திரும்ப மாட்டினாள். இம்முறை ஸ்பேனரை அவளே பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றச் சுற்ற, இன்ஜின் எங்கும் முட்டாமல் சுழன்றது.

சாவியைத் திருப்பும்போது கண்களை இறுக மூடிக்கொண்டாள். வண்டி இருமியது, உறுமியது, பிறகு சீராக ஓடத் தொடங்கியது.

வாசலிலிருந்து மாமனார் கேட்டார், "நல்லாத்தானே ஓடுது, ஏம்மா அழுற?"

"பயந்துட்டேன் மாமா."

"நானுந்தாம்மா. அதான் கிட்டவே வரல."