மணல்திட்டுக்குப் போட்ட வேலி

அக்டோபர் மாதம் ஒன்பதாம் நாள், பறவைகளைக் காப்பதற்கென்று நட்ட வேலி பறவைகளைத் துரத்திவிட்டது. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அந்த வேலியைப் போடச் செய்தவர் மருந்துக்கடை அக்கா. ஆகவே, யார்மீது யாரிடம் முறையிடுவது என்று அவருக்கே விளங்கவில்லை.

தீவின் தென்முனையில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. வடதிசையில் குளிர் தொடங்கியதும் உள்ளான், உப்புக்கொத்தி முதலிய சிறு கரைப்பறவைகள் கடல் கடந்து வந்து, நீர் வற்றும் வேளையில் சேற்றைக் கிளறிப் புழு தின்னும். நீர் ஏறினால் சேறு மூழ்கிவிடும். அப்போது அவை காலூன்றுவதற்கு எஞ்சியிருந்த இடம் அந்தத் திட்டு ஒன்றுதான். மற்றக் கரையையெல்லாம் விடுதிகளும் படகுத்துறையும் விழுங்கிவிட்டன. திட்டில் இறங்க முடியாவிட்டால் மறுபடி நீர் வற்றும்வரை வானத்திலேயே சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற, இனிப் போகவேண்டிய தொலைவுக்கென உடம்பில் சேர்த்த கொழுப்பெல்லாம் கரைந்துபோகும்.

பருவம் பிறந்துவிட்டால், நீரேறும் நேரம் பார்த்துக் கடையைச் சாத்திவிட்டுத் தொலைநோக்கியும் கையுமாக அக்கா கிளம்பிவிடுவார். இருமல் மருந்துக்கு வந்தவர்கள் இருமிக்கொண்டே வாசலில் நிற்க வேண்டியதுதான்.

"எங்க அக்காவுக்கு உள்ளூர்ல இருமுறவங்களைவிட வெளியூர்லேருந்து பறந்து வர்றவங்கதான் முக்கியம்" என்று, பயணிகள் படகை ஓட்டும் அவருடைய தம்பி துறையில் நின்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

திட்டில் நாய்கள் புகுந்து பறவைகளைக் கலைத்தன. மோட்டார் சைக்கிளில் பந்தயம் விட்ட இளைஞர்களும் கலைத்தார்கள். அக்கா நிர்வாக அலுவலகத்துக்கும் பறவை நோக்கர் சங்கத்துக்கும் செருப்புத் தேய நடந்தார். கடைசியில், பறவைகள் இல்லாத கோடையில், ஆளுயரத்துக்கு மேலான இரும்புக் கம்பங்களைக் காரையில் ஊன்றி வலை கட்டினார்கள். எந்தக் கம்பம் எங்கே நிற்க வேண்டும் என்று குச்சி நட்டுக் காட்டியவரும் அக்காதான். நாய் எந்த வழியாக வரும் என்று யோசித்தார். காலமெல்லாம் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பறவைகள் எதைப் பார்க்கின்றன என்று யோசிக்கவில்லை.

அந்த ஒன்பதாம் நாள் கூட்டம் வந்தது. புகைபோலத் தாழ்ந்து, திட்டைத் தொடப்போன நொடியில் விதிர்த்து மேலெழுந்தது. மீண்டும் தாழ்ந்தது, மீண்டும் எழுந்தது. அக்கா தொலைநோக்கியைத் திருப்பினார். மூலைக் கம்பத்தின் உச்சியில் ஒரு வல்லூறு அமர்ந்து, சாவகாசமாக இறகைக் கோதிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து நிற்கும் எதன்மேலும் சாவு உட்கார்ந்திருக்கலாம் என்பது உள்ளானுக்கு முட்டைக்குள்ளிருந்தே தெரியும் போலும். வெட்டவெளியாக இருந்ததால்தான் அவை அந்தத் திட்டை நம்பின.

அக்கா சங்கத்துக்கு ஓடினார். வேலி எவ்வளவு சிறப்பாக வேலை செய்கிறது என்று செயலாளர் படம் காட்டினார்.

"உள்ளே ஒரு நாய் வந்திருக்கா, சொல்லுங்க."

"நாயும் வரலை. பறவையும் வரலையே, சார்."

"பழகிடும்மா. அடுத்த வருஷம் இன்னும் உயரமா போடறதுக்கு நிதி கேட்டிருக்கோம்."

நிர்வாக அலுவலகத்திலோ, பொதுமக்கள் கேட்டுப் போட்டதைப் பொதுமக்கள் கேட்டார்கள் என்பதற்காக எடுக்க முடியாது என்றார்கள். இப்படிச் சொல்வதற்கு நாக்கூச வேண்டாமா? கூசவில்லை.

மறுநாள் அக்கா தம்பியின் படகில் இரும்பு அறுக்கும் வாளோடு ஏறினார்.

"நீ போட்ட வேலிக்கு நீயே திருடியா, அக்கா?"

"பேசாம அறுடா."

இருவரும் மாற்றி மாற்றி அறுத்தார்கள். உள்ளங்கை கொப்பளித்து, வாளின் பல் மழுங்கியபின் ஒரு கம்பம் சாய்ந்தது. வல்லூறு எழுந்து அடுத்த கம்பத்துக்குப் போய் உட்கார்ந்தது. தம்பி அன்று சிரிக்கவில்லை.

அதன்பின் வேலிக்கு ஒரு காவலாளியை அமர்த்தினார்கள். திட்டின் பக்கம் தலைகாட்டினால் தம்பியின் படகு உரிமம் போய்விடும் என்றும் எச்சரித்தார்கள். சாய்ந்த கம்பத்தின் இடத்தில் இன்னும் தடித்த கம்பம் முளைத்தது.

பருவத்தின் நடுவில், படகுத்துறையின் ஓரத்தில் உள்ளான்கள் செத்து ஒதுங்கத் தொடங்கின. அக்கா ஒன்றைக் கையில் எடுத்தார். மாத்திரை அட்டை அளவுக்குக்கூட அது கனக்கவில்லை. நெஞ்செலும்பு கத்திபோல் விரலை உறுத்தியது.

"கடையைத் திற, அக்கா. இருமுறவங்க நிக்கிறாங்க" என்றார் தம்பி மெதுவாக.

இப்போது நீரேறும் வேளையில் கடை திறந்தே இருக்கிறது. தொலைநோக்கி மருந்துப்பெட்டிகளுக்குப் பின்னால் கிடக்கிறது. கூரைக்கு மேலே கூட்டம் சுற்றும் ஓசை கேட்டால், அக்கா நிமிர்ந்து பார்ப்பதில்லை. வந்தவர்களுக்கு மருந்தை எடுத்துக் கொடுக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்த ஓசை குறைந்துகொண்டே வருகிறது.

இதைப் படிக்கும் நீங்களும் உங்கள் கரையில் நல்லெண்ணத்தோடு ஒரு கம்பம் நட்டிருப்பீர்கள். நீரேறும் வேளையில் போய் அதன் உச்சியைப் பாருங்கள். பார்த்துவிட்டு, எவரிடமும் அனுமதி கேட்டுக் காலம் கடத்தாமல், அதைப் பிடுங்கி எறியுங்கள்.